மாதம் 1,500 ரூபாவில் அல்பம் சேர்க்கலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. அப்பாவிடம் ஒரு றங்குப்பெட்டி நிறையக் கசற் இருந்தது. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். இப்போது என் போனில் நாலாயிரம் பாட்டு கிடக்கிறது. ஆனால் ஒரு அல்பம்கூட முழுதாக இல்லை. யார் பாடியது, எந்த ஆண்டு, ஒன்றும் தெரியாது. முறையாக அல்பங்களாகச் சேர்க்க ஆசை. வீட்டுச் செலவு போக மாதம் 1,500 ரூபாதான் மிஞ்சும். தம்பியின் பழைய லப்டொப் ஒன்று வீட்டில் இருக்கிறது. சீடி வாங்குவதா, மாதச் சந்தா கட்டிக் கேட்பதா, றெக்கோட் பிளேயர் வாங்குவதா? அப்பாவின் சிநேகிதர் ஒருவர், மண்ணில் புதைத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்த கசற் முப்பதளவில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இந்தச் சம்பளத்தில் இப்படி ஆசைப்படுவது சரிதானா என்றும் மனது கேட்கிறது.

பதில் (ஒலிப்பதிவுத் தொழில்நுட்பவியலாளர்):

அன்புள்ள தங்கச்சி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக ஆசைப்படலாம். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றறி வராத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். கை களைத்துச் சுழற்சி குறைந்தால் பாட்டும் இழுபடும். அந்த நாளிலேயே பாட்டு வேண்டும் என்று இருந்த ஊரில், உழைத்த காசில் மாதம் ஒரு சிறு தொகையை இசைக்கு ஒதுக்குவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த 1,500 ரூபாவை எந்த ஒழுங்கில் செலவழிக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். என்னிடம் வருகிறவர்களில் அநேகர் பாட்டு கிடைக்காமல் வருவதில்லை. கிடைத்ததைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். போன் தண்ணீரில் விழுந்தது, மெமரி காட் திறபடவில்லை, பென்ட்ரைவைக் காணோம் என்பார்கள். ஆகவே முதல் மூன்று நாலு மாதக் காசில் ஒரு பாட்டும் வாங்க வேண்டாம். சேர்க்கப்போவதை வைக்க இடம் தேடுங்கள்.

லப்டொப்பிலிருந்து கழற்றி விற்கிற பழைய 500 ஜிபி ஹாட்டிஸ்க்கும், அதைப் போட்டுப் பூட்டுகிற யூஎஸ்பி பெட்டியும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கணினி திருத்துகிற கடைகளில் கேட்டால் எடுக்கலாம். காசைக் கொடுக்க முன், கடைக்காரரின் கணினியில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து அந்த டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டச் சொல்லுங்கள். நீலத்தில் ‘நல்லது’ என்று வந்தால் வாங்கலாம். மஞ்சள் வந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். சீடியின் தரம் குறையாமல் ஃப்ளாக் கோப்பாக வைத்தால் முக்கால் மணி நேர அல்பம் ஒன்று ஏறக்குறைய 250 இலிருந்து 300 எம்பி வரை பிடிக்கும். 500 ஜிபியில் ஆயிரம் அல்பத்துக்கு மேல் அடங்கும். பல வருடத்துக்குக் காணும்.

இரண்டாவது பிரதி கட்டாயம் வேண்டும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் என் தொழிலில் கணக்கு. அதற்கு 64 ஜிபி மெமரி காட் ஒன்று வாங்கி, முக்கியமானவற்றை அதில் போட்டு வேறொரு வீட்டில், அக்கா வீட்டிலோ மாமி வீட்டிலோ, கொடுத்து வையுங்கள். ஒரே அலுமாரியில் இரண்டையும் வைத்தால் அர்த்தமில்லை. காட் வாங்கும்போது போலியைக் கவனியுங்கள். வெளியே 64 என்று அடித்திருக்கும், உள்ளே 8 தான் இருக்கும். எழுதும்போது ஒன்றும் காட்டாது. நிறைந்த பிறகு பார்த்தால் பெரும்பாலான பாட்டு ஓடாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் காட்டை முழுக்க நிரப்பி, மறுபடி வாசித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். இலவசம்தான். வாங்கிய அன்றிரவே ஓட விடுங்கள். போலியென்றால் அடுத்த நாளே திருப்பிக் கொடுக்கலாம்.

றெக்கோட் பிளேயர் இப்போதைக்கு வேண்டாம். தட்டுகளைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டிவரும். தபால் செலவும் சுங்கமும் தட்டின் விலையைத் தாண்டிவிடும். மலிவான சூட்கேஸ் மாதிரிப் பிளேயர்களின் ஊசி அழுத்தம் கூடியது, நல்ல தட்டையும் தேய்த்துவிடும். போதாததற்கு, தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் தட்டு வளைந்துபோகும்.

மாதச் சந்தா என்பது வாடகை. கட்டுவதை நிறுத்திய மாதம் இறக்கி வைத்த பாட்டும் மூடிக்கொள்ளும். சேமிப்புக்கு அது உதவாது. ஆனால் எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள இலவசமாகக் கேட்கிற வசதி நல்ல உதவி. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021 இல் வந்தது. விளம்பரத்தோடு சும்மா கேட்கலாம். இசை நிறுவனங்களின் சொந்த யூடியூப் பக்கங்களிலும் முழு அல்பங்கள் இருக்கின்றன. ஒரு அல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, தாண்டாமல், வேறு வேறு நாளில் மூன்று தரம் கேளுங்கள். மூன்றாம் தரமும் கேட்க மனம் வந்தால் மட்டும் வாங்குகிற பட்டியலில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் உங்கள் காசில் பாதியைக் காப்பாற்றும்.

இனி வாங்குகிற கதைக்கு வருவோம். பேருந்து நிலையங்களுக்குப் பக்கத்தில் நூறு பாட்டு, இருநூறு பாட்டு என்று ஒரே சீடியில் அடித்து விற்பார்கள். அவை வேண்டாம். பெரும்பாலும் 128 கிலோபிட்டுக்குச் சுருக்கியவை. தாளத்தின் மினுக்கமும் வயலினின் மேல் ஓசையும் வெட்டுப்பட்டிருக்கும். அதைப் பிறகு ஃப்ளாக்காக மாற்றினாலும் போனது திரும்பாது, கோப்பு மட்டும் பெருக்கும். யாராவது ‘ஃப்ளாக்’ என்று தந்தால் ஓடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து அதிர்வெண் படத்தைப் பாருங்கள். 16 ஆயிரம் ஹேர்ட்சுக்கு மேலே சுவர் வைத்தாற்போல் ஒரேயடியாக வெட்டுப்பட்டிருந்தால் அது அநேகமாகச் சுருக்கியதிலிருந்து பெருப்பித்தது.

நல்ல சீடிகள் எங்கே கிடக்கின்றன? எங்கள் சொந்தக்காரர் வீடுகளில்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள், அங்கே தமிழ்க் கடைகளில் அசல் சீடிகளைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இப்போது அவர்களுடைய காரிலும் சீடி போடுகிற இடம் இல்லை, பிள்ளைகளுக்கும் தேவையில்லை. நிலக்கீழ் அறையில் பெட்டியோடு கிடக்கிறது. சித்தியோ மாமாவோ ‘ஊருக்கு வாறோம், என்ன வேணும்?’ என்று கேட்டால் சொக்லேட் வேண்டாம், சீடி கொண்டு வாங்கோ என்று சொல்லுங்கள். பாரம் என்று தயங்குவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பாரம் சீடியில் இல்லை, பிளாஸ்ரிக் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டியோடு ஒன்று 100 கிராம் அளவு வரும். தட்டு மட்டும் 16 கிராம்தான். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, தட்டையும் முன் அட்டையையும் பின் அட்டையையும் ஒரு காகித உறையில் போட்டால், ஐம்பது அல்பம் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். அட்டையை மட்டும் எறிந்துவிட வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லுங்கள். பாடியவர், எழுதியவர், வாசித்தவர், ஆண்டு எல்லாம் அதில்தான் இருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருகிறவர்கள் கூட என்பதால், இரண்டு மாதம் முன்னரே சொல்லி வைத்தால் காரியம் நடக்கும்.

தம்பியின் பழைய லப்டொப்பில் சீடி டிரைவ் இருந்தால் பெரிய வாய்ப்பு. எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற இலவச மென்பொருள் கீறல் விழுந்த சீடியையும் திரும்பத் திரும்ப வாசித்துச் சரியாக எடுத்துத் தரும். எடுத்தது சரியா என்று மற்றவர்கள் எடுத்த பிரதிகளோடு ஒப்பிட்டும் காட்டும். அசல் பிரதியிலிருந்து சொந்தப் பாவனைக்கென்று ஒரு பிரதி எடுக்க எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் இடம் தருகிறது. அதை ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுக்க இடம் தரவில்லை.

கலைஞர்களிடமே நேரே வாங்கவும் முடியும். பாண்ட்காம்ப் போன்ற தளங்களில் ஃப்ளாக் கோப்பாகவே இறக்கலாம். சில அல்பங்களுக்கு ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்று விட்டிருப்பார்கள். ஒன்றும் கொடுக்காமலும் இறக்கலாம். ஆனால் 300 ரூபாவாவது கொடுங்கள் என்பேன், பாடியவரும் எங்களைப் போல மாதக் கணக்குப் பார்க்கிறவராக இருப்பார். உங்கள் வங்கி அட்டையில் இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி வங்கியில் கேட்க வேண்டும். டேட்டாப் பொதியில் இரவு நேரத்துக்கென்று தனியே இருந்தால் அதில் இறக்குங்கள்.

எதை முதலில் சேர்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சினிமாப் பாட்டு எங்கும் கிடைக்கும், அது ஓடிப் போகாது. முதலில் அல்பமாகவே உருவான இசையை எடுங்கள். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986 இல் வந்தது. தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாகச் செய்தது, பாட்டே இல்லாத வாத்திய இசை. 1988 இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். இரண்டையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டால் அல்பம் என்பது என்ன என்று காது தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு எங்கள் நாட்டுப் பொப் இசை: நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன். பிறகு அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில். இவற்றில் நல்ல பதிவு கண்ணில் பட்டால் அந்த மாதம் வேறெதுவும் வாங்காமல் அதை வாங்குங்கள். அமரதேவாவின் சிங்களப் பாட்டுகளையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

போனில் கிடக்கிற நாலாயிரத்தை அழிக்கவும் வேண்டாம், ஒழுங்குபடுத்தவும் வேண்டாம். அது ஒருபக்கம் இருக்கட்டும். புதிய சேமிப்பைத் தனிக் கோப்புறையில் தொடங்குங்கள்: கலைஞர் பெயர், அதற்குள் ஆண்டும் அல்பமும், அதற்குள் 01, 02 என்று இலக்கமிட்ட பாட்டுகள். பெயரை யூனிகோட் தமிழில் அடியுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் கோப்புப் பெயரையும் அப்படியே அடித்துவிடுவார்கள். அடுத்த கணினியில் அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அப்படி வந்த நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்திருக்கிறேன். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். அப்புறம் ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, ஒரு அல்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எழுதுங்கள். மின்சாரம் இல்லாத நாளிலும் கொப்பியைத் திறக்கலாம்.

இன்னொன்று இருக்கிறது. அதற்குக் காசே தேவையில்லை. உங்கள் பகுதியில் கோவலன் கூத்து ஆடிய அண்ணாவிமார், காத்தவராயன் கூத்துப் பாடுகிறவர்கள், அருவி வெட்டுப் பாட்டும் பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் மனப்பாடமாக வைத்திருக்கிற வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் குரல் எந்தக் கசற்றிலும் இல்லை. உங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளின் அம்மம்மாக்களிடம் தாலாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். போனில் பதிவு செய்கிற செயலியில் ஒலியைச் சுருக்காத வேவ் வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். போனை ‘விமானப் பயண’ நிலையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வரக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். மேசையில் நேரே வைக்காமல் மடித்த துவாயின் மேல், பாடுகிறவரின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். முதலில் உங்கள் குரலில் திகதி, ஊர், பாடுகிறவர் பெயர், பாட்டு எந்த நேரத்தில் பாடுவது என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பாட முன் சம்மதம் கேட்க வேண்டும், முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். பத்துப் பாட்டு சேர்ந்தால் அதுவே ஒரு அல்பம். அவர்கள் விரும்பினால் நூலக நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். 2005 இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறவர்கள், ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறார்கள். உங்கள் இரண்டு பிரதிக்கு மேல் மூன்றாவது பிரதி அங்கே பத்திரமாக இருக்கும்.

சரி, அந்த முப்பது கசற். கட்டாயம் வாங்குங்கள். இன்றைக்கே போய் வாங்கினாலும் நல்லது. ஆனால் கொண்டு வந்ததும் ஆவலில் ஒன்றையும் போட்டுப் பார்க்க வேண்டாம். மண்ணுக்குள் இருந்து வந்த நாடாவில் ஈரமும் பூஞ்சணமும் இருக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்படியே போட்டால் இழுத்த இழுப்பில் நாடா அறுந்துவிடும், அல்லது மேலே பூசிய கபில நிறப் பூச்சு உரிந்துவிடும். இசை இருப்பதே அந்தப் பூச்சில்தான். வெயிலிலும் காய வைக்க வேண்டாம், நாடா சுருண்டுவிடும். உறையிலிருந்து எடுத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில், காகிதத்தின் மேல் நிறுத்தி வைத்து, இரண்டு மூன்று கிழமை காய விடுங்கள்.

காய்ந்த பிறகு கண்ணாடித் துவாரத்தால் பாருங்கள். சுற்றின் விளிம்பில் வெள்ளைப் பொடி போல இருந்தால் அது பூஞ்சணம். அதை வீட்டுக்குள் தட்ட வேண்டாம், மூக்குக்கும் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வைத்து, பென்சிலைப் பல்லுச் சக்கரத்தில் விட்டு, மெதுவாக, அவசரமில்லாமல் ஒரு பக்கத்துக்குச் சுற்றி மறுபக்கத்துக்குத் திருப்பிச் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்திவிடுங்கள், வலிந்து இழுக்கக் கூடாது. கசற்றின் திறந்த விளிம்பின் நடுவில், பிளேயரின் தலை (நாடாவை வாசிக்கிற பகுதி) வந்து தொடுகிற இடத்தில், நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று தகட்டில் ஒட்டியிருக்கும். மண்ணுக்குள் இருந்தவற்றில் அது பெரும்பாலும் கழன்றிருக்கும். அது இல்லாவிட்டால் ஒலி மங்கி மங்கி வரும், நாடாவில் பழுதில்லை. திருகாணி போட்ட வெற்றுக் கசற் ஒன்றை வாங்கி, அதன் கூட்டுக்குள் பழைய நாடாவை மாற்றிப் போட்டால் சரி. ஒரு நல்ல கூடு முப்பதுக்கும் போதும், ஒன்றன் பின் ஒன்றாக மாற்றி மாற்றி எடுக்கலாம்.

கசற் பிளேயரை யாரிடமாவது இரவல் கேளுங்கள். அதன் தலையைப் பாமசியில் வாங்குகிற ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் துடைக்க வேண்டும். ஹெட்போன் துளையிலிருந்து லப்டொப்புக்கு வயர் கொடுப்பதற்கு, ஸ்ரீரியோ உள்ளீடு உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் காட் ஒன்று வேண்டும். லப்டொப்பின் மைக் துளையில் நேரே கொடுத்தால் இடது, வலது ஒலி இரண்டும் ஒன்றாகிவிடும், இரைச்சலும் ஏறும். ஓடாசிட்டியில் ஒலி அளவைக் காட்டுகிற அளவுகோல் மிக உரத்த இடத்திலும் கழித்தல் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். இரைச்சலை நீக்குகிற கருவிகளை இப்போது தொட வேண்டாம். இரைச்சலோடு உள்ள முழுப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள், துப்புரவு பிறகு எப்போதும் செய்யலாம்.

அந்த முப்பதில் கடை அட்டை போட்டு வந்தவை கொஞ்சம்தான் இருக்கும். மற்றவை றெக்கோடிங் பாரில் (கேட்ட பாட்டைக் கசற்றில் பதிந்து கொடுக்கிற கடை) பட்டியல் கொடுத்து அடிப்பித்தவையாக இருக்கும், ஒரு படத்தில் இரண்டு, இன்னொன்றில் மூன்று என்று. அவற்றைப் பாட்டுப் பாட்டாக வெட்டிப் பிரிக்க வேண்டாம். ஏ பக்கம் ஒரு கோப்பு, பி பக்கம் ஒரு கோப்பு என்று முழுதாக எடுங்கள். யாரோ ஒருவர் இருந்து யோசித்து, கொப்பித் தாளில் எழுதி, அறுபது நிமிடத்துக்குள் அடக்கிய ஒழுங்கு அது. அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் நல்ல தரத்தில் கிடைக்கும், அந்த ஒழுங்கு கிடைக்காது. அதையும் ஒரு அல்பமாகவே கொப்பியில் ஏற்றுங்கள், தலைப்பாக அதைப் பட்டியல் போட்டவரின் பெயரை எழுதுங்கள். அப்பா இருக்கிறார் என்றால் அவரையும் பக்கத்தில் இருத்திக் கேட்கச் சொல்லுங்கள். சிநேகிதர்கள் கசற்றை மாற்றி மாற்றி அடித்துக்கொள்கிற காலம் அது. அவருடைய பெட்டியில் இருந்த பாட்டு ஒன்றிரண்டு இதிலும் இருக்கலாம்.

கசற்றுகள் கைக்கு வந்ததும் எத்தனை கூடு திருகாணி போட்டது, எத்தனை ஒட்டியது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். ஒட்டிய கூட்டை உடைக்காமல் பிளக்கிற முறையைப் படத்தோடு அனுப்பி வைக்கிறேன்.